வீட்டு இன்டர்நெட்: மாத டேட்டா எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கும்போது பெரும்பாலும் வேகத்தைத்தான் கேட்போம். 50 எம்பிபிஎஸ்ஸா, 100 எம்பிபிஎஸ்ஸா என்று. மாதத்துக்கு எத்தனை ஜிபி என்ற கேள்வியே எழாது. இருபதாம் தேதி வாக்கில் வீடியோ நின்று நின்று ஓட ஆரம்பிக்கும், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் "உங்க எஃப்யூபி முடிஞ்சிடுச்சு சார்" என்பார்கள். எஃப்யூபி என்ற பெயரில் அப்படி ஒரு மாத டேட்டா வரம்பு இருப்பதே அப்போதுதான் தெரியவரும்.

இந்தியாவில் ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாத வரம்பு 3300 ஜிபி. தெருவிலிருந்து கம்பி இழுக்காமல் மாடியில் ஆன்டெனா வைத்துத் தரும் ஏர்ஃபைபர் வகைத் திட்டங்கள் பலவற்றில் 1000 ஜிபி. உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் இணைப்புகளில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். வரம்பைத் தாண்டினால் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை, வேகம்தான் இறங்கும். ஆனால் அந்த இறங்கிய வேகத்தில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்போ, வேலைக்கான வீடியோ இன்டர்வியூவோ ஒழுங்காக நடக்காமல் போகலாம். மாதக் கடைசியில் அந்த நிலைமை வராமல் இருக்கத்தான் இவ்வளவு கணக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3300 ஜிபி வரம்பு உள்ள சாதாரணக் குடும்பம் தினமும் மீட்டர் பார்க்க வேண்டியதில்லை, மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். 1000 ஜிபியோ அதற்குக் குறைவாகவோ வைத்திருப்பவர்களும், 3300 ஜிபியே போதாமல் போகிறவர்களும் இதை ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கலாம்.

முதலில் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். மாத வரம்பு எத்தனை ஜிபி? மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? வரம்பு முடிந்த பிறகு வேகம் எவ்வளவு?

இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் டேட்டா மாதம் ஒன்றாம் தேதி தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போஸ்ட்பெய்டு என்றால் பில் தேதியில் தொடங்கும், ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் செய்த நாளில் தொடங்கும். 17ஆம் தேதி ரீசார்ஜ் செய்தவருக்கு ஒன்றாம் தேதி என்பது பாதி மாதம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ மொத்தமாகப் பணம் கட்டியிருந்தாலும் வரம்பு பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் ஓடும். மொத்தத்தையும் முதல் மாதமே எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது விவரத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு படம் பார்த்துச் சமாளிக்கலாம். 64 கேபிபிஎஸ் மாதிரியான வேகம் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போகவே நேரமாகும். இந்த எண்ணைப் பொறுத்துத்தான் நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது முடிவாகிறது.

அப்லோடும் கணக்கில் சேருமா என்று கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகச் சேரும். கேமரா வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நிறுவனத்தின் மீட்டர்

வரம்பு தாண்டியதா இல்லையா என்று முடிவு செய்வது நிறுவனத்தின் கணக்குதான். உங்கள் ரவுட்டர் என்ன சொன்னாலும், கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், வேகத்தைக் குறைப்பது அவர்கள் மீட்டரைப் பார்த்துத்தான். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ் போன்ற ஆப்களில் பிராட்பேண்ட் கணக்கைச் சேர்த்துவிட்டால் இதுவரை எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று தெரியும். பிஎஸ்என்எல்லுக்கு செல்ஃப்கேர் தளம் இருக்கிறது. உள்ளூர் கேபிள்காரர் தந்த இணைப்பு என்றால், அவருக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தின் பெயரையும் உங்கள் யூசர்நேம், பாஸ்வேர்டையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னாலும் விடாமல் வாங்கிவிடுங்கள். அது உங்கள் கணக்கு.

வரம்பை நெருங்கும்போது தகவல் வர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டு பிராட்பேண்ட் வாடிக்கையாளருக்கு 50, 90, 100 சதவீதம் பயன்படுத்தியதும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். பலருக்கு அது வருவதே இல்லை. காரணம் பெரும்பாலும் எளிமையானது. இணைப்பு வேறு ஒருவர் நம்பரில் இருக்கும். வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனர் நம்பரில் இருக்கும், அல்லது நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பரில் இருக்கும். பதிவான மொபைல் நம்பரையும் மின்னஞ்சலையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இந்தக் கட்டுரையில் அதிகப் பலன் தரும் வேலை இதுவாகத்தான் இருக்கும்.

எச்சரிக்கைகளில் 50 சதவீதம்தான் உண்மையில் பயன்படும். 90 வரும்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. 50 சதவீதத் தகவல் வந்ததும், மாதம் தொடங்கி எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். பதினைந்து நாளுக்கு முன்பே வந்துவிட்டால் இந்த மாதம் இழுபறிதான்.

இந்த ஆப் மீட்டரில் ஒரு குறை உண்டு. எண் உடனுக்குடன் மாறாது. சில நிறுவனங்களில் சில மணி நேரம் கழித்து மாறும், சிலவற்றில் ரவுட்டர் ஒருமுறை இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போதுதான் முழுக் கணக்கும் ஏறும். அதனால் "இப்போதுதான் ஒரு படம் பார்த்தேன், எண் ஏறவே இல்லையே" என்று சந்தோஷப்படாதீர்கள். அடுத்த நாள் காலையில் பாருங்கள்.

நாள் கணக்கு

மாத வரம்பை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கிடைக்கும். 3300 ஜிபி என்றால் நாளுக்கு 110. 1000 ஜிபி என்றால் 33 ஜிபி சொச்சம். அந்த 33 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஓர் உதாரணம். 1000 ஜிபி திட்டம், பன்னிரண்டாம் நாள் முடிந்திருக்கிறது. மீட்டர் 520 காட்டுகிறது. பன்னிரண்டு நாளுக்கு 400தான் ஆகியிருக்க வேண்டும். இதே போக்கில் போனால் மாதம் 1300 ஜிபி ஆகும், இருபத்து மூன்றாம் நாளோ அடுத்த நாளோ வரம்பு முடிந்துவிடும். மிச்சம் 480 ஜிபி, மிச்ச நாள் 18. இனி நாளுக்கு 26, 27 ஜிபிக்குள் இருந்தால் மாதத்தைத் தள்ளிவிடலாம். இதற்குத் தனி ஆப் எதுவும் தேவையில்லை. கரன்ட் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் ரீடிங் குறித்து வைக்கிறோமே, அது போல ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் எண் குறித்தால் போதும்.

வேகமான இணைப்பில் வரம்பு எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 45 ஜிபி. 3300 ஜிபி தீர 73 மணி நேரம், அதாவது மூன்று நாள். யாரும் அப்படி ஓட்டப் போவதில்லை. ஆனால் ஒரு கருவி யாருக்கும் தெரியாமல் இரவு முழுக்க எதையாவது இறக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்து புரியும்.

ரவுட்டரிடம் கேட்பது

நிறுவனத்தின் மீட்டர் மொத்தத்தைத்தான் சொல்லும். யார் செலவழித்தது என்று சொல்லாது. அதற்கு ரவுட்டருக்குள் போக வேண்டும்.

வைஃபையில் இருந்துகொண்டு, போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். ஜியோ ரவுட்டர் என்றால் 192.168.29.1. வேறு எண் என்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும், இல்லையென்றால் இணைப்பு கொடுக்க வந்தவரிடம் கேளுங்கள். உள்ளே போனதும் ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பக்கத்தைத் தேடுங்கள். அதில் வான் என்ற வரியில் வந்த பைட்டுகள், போன பைட்டுகள் இரண்டும் இருக்கும். வான் என்பது வெளி இன்டர்நெட் பக்கம். லான், டபிள்யூலான் என்றிருப்பவை வீட்டுக்குள் நடக்கும் போக்குவரத்து. போனிலிருந்து டிவிக்கு நேரடியாக ஒரு வீடியோ அனுப்பினால் அது டபிள்யூலானில் ஏறும், ஆனால் வரம்பில் சேராது. பார்க்க வேண்டியது வான் மட்டும்தான்.

இந்த எண்ணை நம்புவதற்கு முன் இரண்டு விஷயங்கள். ரவுட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆனால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் இதை வைத்து மாதக் கணக்கு போட முடியாது. அடுத்தது, பல மலிவான ரவுட்டர்களில் இந்த எண் 4.29 ஜிபியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் அந்தக் கவுன்ட்டருக்கு இடம் இல்லை. காலையில் 3.9 ஜிபி காட்டியது மாலையில் 0.6 காட்டினால் ரவுட்டர் பழுதாகவில்லை, ஒரு சுற்று முடிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ரவுட்டரில் ஒன்றிரண்டு மணி நேரச் சோதனைக்கு மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு கருவியும் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும் வசதி சில ரவுட்டர்களில் இருக்கிறது. நிறுவனம் இலவசமாகத் தரும் பெட்டிகளில் அநேகமாக இருக்காது. டேட்டா பற்றி உண்மையிலேயே அக்கறை இருந்தால், சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டுவதுதான் நல்ல வழி. டிராஃபிக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போடக்கூடிய ரவுட்டர் வாங்கி, அதில் என்எல்பிடபிள்யூமான் என்ற சின்ன நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். கருவி வாரியாகக் கணக்கு வைக்கும், மாதத் தொடக்கத் தேதியையும் உங்கள் பில் தேதிக்கு மாற்றிவைக்கலாம்.

ரவுட்டரில் கருவிப் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் தங்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) காட்டாமல் வேறொன்றைக் காட்டும். அது மாறினால் ஒரே போன் பட்டியலில் இரண்டு மூன்று முறை வரக்கூடும். வெளியிடங்களில் அது நல்ல பாதுகாப்பு. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் போன் செட்டிங்ஸில் அதை நிறுத்திவிட்டால் பட்டியல் தெளிவாகும்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் பார்ப்பது

ரவுட்டர் உதவாத வீட்டில் ஒவ்வொரு கருவியாகத்தான் போக வேண்டும்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் டேட்டா யூசேஜ். கடந்த முப்பது நாளில் எந்த நிரல் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாக இருக்கும். அங்கேயே மாத வரம்பும் தொடங்கும் தேதியும் போட்டுவைக்கலாம். ஆனால் அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கான கணக்கு, வீட்டுக்கானது இல்லை.

ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டா கணக்கு வேறு, வைஃபை கணக்கு வேறு. சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், டேட்டா யூசேஜ் என்று போனால் வைஃபை டேட்டா யூசேஜ் தனியாக இருக்கும். மற்ற போன்களில் நான்-கேரியர் டேட்டா யூசேஜ் என்ற பெயரில் இருக்கலாம். அந்த எண்ணில் அலுவலக வைஃபையும் சேர்ந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஐபோன் மொபைல் டேட்டாவை ஆப் வாரியாகக் காட்டும், வைஃபைக்கு அப்படிக் காட்டாது. அதற்கு ரவுட்டர் கணக்குதான் வழி.

இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பலர் ஆச்சரியப்படுவார்கள். போன்களை எல்லாம் கூட்டினாலும் மொத்தத்தில் பாதிகூட வராமல் இருக்கலாம். பிள்ளைகள் எந்நேரமும் போனைப் பார்க்கிறார்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருப்போம். டேட்டாவை விழுங்குவது பெரும்பாலும் சுவரில் மாட்டியிருக்கும் டிவியும், யாரும் கண்டுகொள்ளாத வேறு சில கருவிகளும்தான்.

ராத்திரிச் சோதனை

எங்கே போகிறது என்று தெரியாமல் தவிக்கும் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. இரவு எல்லோரும் படுக்கப் போகும்போது ரவுட்டரின் வான் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் போனை எடுப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். யாரும் பயன்படுத்தாத அந்த ஏழெட்டு மணி நேரத்தில் ஒன்றிரண்டு ஜிபிக்குள் ஏறியிருந்தால் கவலை வேண்டாம், அது அப்டேட்டுகளும் போட்டோ பேக்கப்பும். பத்து ஜிபி ஏறியிருந்தால் வீட்டில் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. உங்கள் ரவுட்டர் 4.29இல் சுற்றும் வகை என்றால் நடுவில் ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டியிருக்கும், அல்லது நிறுவனத்தின் ஆப்பில் அடுத்தடுத்த இரண்டு காலைகளின் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

வந்ததா, போனதா என்பதையும் பிரித்துப் பாருங்கள். போன பைட்டுகள் அதிகம் என்றால் கேமரா, போட்டோ பேக்கப், டோரன்ட் இவற்றில் ஒன்று. வந்தது அதிகம் என்றால் டிவி பாக்ஸ், கேம் டவுன்லோடு, விண்டோஸ் அப்டேட்.

அடுத்த இரவு சந்தேகப்படும் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்குங்கள். எண் குறைந்ததா? கிடைத்துவிட்டது. குறையவில்லையா? அடுத்த கருவி. மெதுவான வழிதான், ஆனால் எந்த ரவுட்டரிலும் எந்த நிறுவனத்திலும் இது பலிக்கும்.

அதிகம் எடுப்பவை

டிவியிலிருந்து தொடங்குவோம். நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் தருகிற கணக்கின்படி எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே படம் 7 ஜிபி வரை எடுக்கும். மற்ற ஓடிடிகளும் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருக்கும். 1000 ஜிபி வீட்டில் நாள் கணக்கு 33 என்று பார்த்தோம். 4கே டிவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 35 ஜிபி. அந்த ஒரு டிவியே வரம்பைத் தாண்டிவிட்டது, வேறு யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. அதே ஐந்து மணி நேரம் எச்டியில் 15 ஜிபி. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சோபாவிலிருந்து 43 அங்குல டிவியைப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாக பிளேபேக் செட்டிங்ஸ் இருக்கிறது, பிரவுசரில் அக்கவுன்ட் பக்கத்துக்குப் போய் மாற்ற வேண்டும். மீடியம் என்று வைத்தால் மணிக்கு 0.7 ஜிபிக்குள் அடங்கும். செய்தியும் சீரியலும் பார்க்க அதுவே போதும்.

ஃபயர் டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. செட்டிங்ஸில் ப்ரிஃபரன்சஸ், அதற்குள் டேட்டா மானிட்டரிங். அதை ஆன் செய்தால் வீடியோ தரத்தையும் குறைக்கலாம், இத்தனை ஜிபி ஆனதும் சொல் என்று எச்சரிக்கையும் வைக்கலாம்.

டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போவதில் ஒரு சிக்கல். டிவி அணைந்தாலும் அதோடு இணைந்த ஸ்டிக்கோ பாக்ஸோ சில வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கும். யூடியூப் ஆட்டோபிளே ஒன்றுக்குப் பின் ஒன்றாக வீடியோவை ஓட்டிக்கொண்டிருக்கும், பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். ராத்திரிச் சோதனையில் வந்த பைட்டுகள் அதிகமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆட்டோபிளேவை நிறுத்துங்கள், முகப்புக்கு வந்துவிட்டு அணைக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். சுவிட்சையே அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது கேமரா. வாசலில் வைத்த கேமரா மெமரி கார்டிலோ வீட்டுக்குள் இருக்கும் பெட்டியிலோ பதிவு செய்தால் இன்டர்நெட் செலவு மிகக் குறைவு, நீங்கள் வெளியிலிருந்து பார்க்கும்போது மட்டும்தான் போகும். இருபத்து நான்கு மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பும் கேமரா என்றால் கதை வேறு. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் தொடர்ந்து அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதம் 324 ஜிபி. 2 எம்பிபிஎஸ் என்றால் 648. அப்படி இரண்டு கேமரா இருந்தால் 1000 ஜிபி வரம்பில் மனிதர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. கேமரா ஆப்பில் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு செய் என்று மாற்றுங்கள். தெருவைப் பார்த்த கேமரா என்றால் போகிற வருகிற வண்டிக்கெல்லாம் பதிவு செய்யும், அதனால் கண்காணிக்கும் பகுதியை உங்கள் வாசல் வரை மட்டும் சுருக்கி வரையுங்கள்.

புதுப் போன் வாங்கிய மாதமும், போட்டோ பேக்கப்பை முதன்முறை ஆன் செய்த மாதமும் கணக்கு எகிறும். கல்யாண வீட்டிலிருந்து நாலு பேர் போனில் 4கே வீடியோ எடுத்து வந்தால் அன்று இரவே அத்தனையும் கூகுள் போட்டோஸுக்கு ஏறும். ஒரிஜினல் குவாலிட்டி என்பதை ஸ்டோரேஜ் சேவருக்கு மாற்றினால் இது குறையலாம். போட்டோக்களை மூலத் தரத்திலேயே வைத்திருக்க ஆசைப்படுபவர்கள் மாற்ற வேண்டாம், அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. ஜிபி அடுத்த மாதம் மறுபடி வந்துவிடும்.

கேம் விளையாடும் பிள்ளை இருக்கும் வீட்டில் விளையாடுவதற்கான டேட்டா மிகக் குறைவு. இறக்குவதுதான் பெரிது. கால் ஆஃப் டியூட்டி போன்ற பெரிய கேம்கள் நூறு ஜிபியைத் தாண்டும். இடம் போதவில்லை என்று அழித்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி இறக்கினால் இருநூறு. ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் கிடைக்கும். இன்டர்நெட்டில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் உங்கள் அப்டேட்டைப் பகிர அனுமதி தரும் தேர்வு அதில் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் மட்டும் என்று வையுங்கள். மாதக் கடைசியில் நெருக்கடி என்றால் அந்த வைஃபையை மீட்டர்ட் கனெக்‌ஷன் என்று குறித்துவிடுங்கள் (அளவோடு பயன்படுத்த வேண்டிய இணைப்பு என்று பொருள்), பெரிய டவுன்லோடுகள் பலவும் தானாகவே தள்ளிப்போகும். ஐபோனில் இதற்கு இணையானது லோ டேட்டா மோட்.

வீடியோ மீட்டிங், ஆன்லைன் வகுப்பு இவற்றுக்கு மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டரை ஜிபி வரை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு கேட்பதும் வாட்ஸ்அப்பில் பேசுவதும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாத அளவு. இவற்றில் சிக்கனம் பிடித்து வீட்டில் சண்டை வேண்டாம்.

வைஃபை பாஸ்வேர்டை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு அவசரத்துக்குக் கொடுத்தது, பெயின்ட் அடிக்க வந்தவருக்குக் கொடுத்தது எல்லாம் அந்தப் போன்களில் இன்னும் இருக்கும். ரவுட்டரின் கருவிப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அப்புறம் வருகிறவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று தனியாகத் திறந்து வையுங்கள்.

கணக்கு ஒத்துப்போகாவிட்டால்

உங்கள் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் ஒரேயடியாகப் பொருந்தாது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் முகவரித் தகவல் சேர்ந்து போவதால் அவர்கள் மீட்டரில் இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரு ஜிபியை 1000 எம்பி என்று எண்ணுவதா 1024 என்று எண்ணுவதா என்பதிலும் வித்தியாசம் வரும். விண்டோஸ் 1024 கணக்கில் போகும், நிறுவனம் 1000 கணக்கில் போகலாம். கேபி, எம்பி, ஜிபி என்று மூன்று படியிலும் இந்த வித்தியாசம் பெருகுவதால், இரண்டுக்கும் இடையில் ஒரு ஜிபியில் ஏழு சதவீதத்துக்கு மேல் இடைவெளி. ஆக, பத்து சதவீதம் வரை வேறுபட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று இருந்தால் விடக் கூடாது. ஒரு நாள் முழுக்க ரவுட்டரை ஆஃப் செய்துவிட்டு வெளியூர் போகும் வாய்ப்பு வரும்போது, போவதற்கு முன்னும் வந்த பிறகும் ஆப் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆஃப் ஆகியிருந்த நாளிலும் எண் கணிசமாக ஏறியிருந்தால் அதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம். தாமதமாக ஏறும் பழைய கணக்கு என்று அவர்கள் சொல்லாமல் இருக்க, ரவுட்டரை அணைத்து சில மணி நேரம் கழிந்த பிறகே முதல் ஸ்கிரீன்ஷாட்டை எடுங்கள். போனில் மொபைல் டேட்டா இருந்தால் ஆப் திறக்கும்.

புகாரை முதலில் நிறுவனத்திடம் கொடுத்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். நம்பர் இல்லாத புகார் புகாரே இல்லை. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் அப்பலேட் அதாரிட்டிக்கு மேல்முறையீடு செய்யலாம். 2012 முதல் எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் இந்த இரண்டு அடுக்கு ஏற்பாடு கட்டாயம், விவரம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யலாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை எண்களை நீட்டினால், பேசுகிறவரின் தொனியே மாறும்.

கணக்கு சரிதான், வீட்டுத் தேவையே கூடுதல் என்று தெரிந்தால் திட்டத்தை மாற்றலாம். ஆனால் அடுத்த திட்டத்தின் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறுவனத்தின் 30 எம்பிபிஎஸ் திட்டத்துக்கும் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கும் வரம்பு அதே 3300 ஜிபியாகவே இருப்பதுண்டு. அப்போது கூடுதல் பணம் கொடுத்து, அதே வரம்பை இன்னும் வேகமாகத் தீர்க்கத்தான் வழி செய்துகொள்வீர்கள். ஏர்ஃபைபரில் 1000 ஜிபியோடு போராடுபவர்கள், தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் அதே விலையில் மூன்று மடங்கு வரம்பு கிடைக்கக்கூடும். மாறுவதாக இருந்தால் இப்போதைய மாதம் முடியும் தேதியை ஒட்டி மாறுங்கள், கட்டிய பணம் வீணாகாது.